அடிக்காத கோல்

1989-ஆம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதி இரவு. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவைக் காண்பதற்காகப் பாரிஸ் நகரத்து ஷான்ஸெலிஸே வீதியில் ஜனங்கள் திரள் திரளாகக் கூடியிருந்தார்கள். பல தேசத்துக் கலைஞர்கள் அணி வகுத்துச் சென்றார்கள். அமெரிக்காவின் முறை வந்தது. எக்காளங்கள் முழங்க, பேரிகைகள் அதிர, ஜேம்ஸ் பிரௌன் என்ற பாடகரின் மெட்டுக்களை வாசித்துக் கொண்டும் ஆடிக் கொண்டும் கறுப்பின மாணவர்கள் வந்தார்கள். புளோரிடா ராஜ்யத்தின் தலைநகராகிய டாலஹாஸியிலுள்ள 'புளோரிடா ஏ அண்டு எம்' சர்வகலாசாலையின் பாண்டு கோஷ்டி அது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கு முழங்கிய புரட்சியின் விழாவில் அமெரிக்காவின் பிரதிநிதிகள் அவர்கள்தாம்!

அந்தக் கோஷ்டியை உருவாக்கியவர் வில்லியம் பி. பாஸ்டர். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக் கொண்டிருந்தது. அந்த இரவை அடைவதற்கு அவர் கடந்து வந்த பாதை எளிதானதல்ல.

1919-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி, கான்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள கான்ஸாஸ் நகரத்தில் பாஸ்டர் பிறந்தார். பன்னிரண்டாவது வயதில் கிளாரினெட் வாசிக்கத் தொடங்கினார். பிறகு கான்ஸாஸ் சர்வகலாசாலையில் சங்கீதம் பயின்று 1941-இல் பட்டம் பெற்றார். ஆனால் அங்கே பாடம் படிக்க அனுமதி இருந்ததே தவிர, பாண்டு கோஷ்டியில் சேர அனுமதி இல்லை. தோலின் நிறம் தடுத்தது. பெரிய வாத்திய கோஷ்டியை நடத்தும் தலைவராக வேண்டுமென்ற தம் ஆசையை அவர் வெளியிட்டபோது, சங்கீதப் பிரிவின் தலைவர், கறுப்பினத்தவருக்கு அத்தகைய வேலை எங்குமே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட சொல்லைக் கேட்ட வாலிபன் மனமுடைந்து வேறு பிழைப்பைத் தேடுவது உண்டு. வாழ்நாள் முழுவதும் கசந்து கொண்டிருப்பதும் உண்டு. பாஸ்டர் இவ்விரண்டையும் செய்யவில்லை. 'என்னைச் சேர்த்துக் கொள்ளாத கோஷ்டிகள் எவையோ, அவற்றுக்குச் சற்றும் தாழாத கோஷ்டி ஒன்றை என் மக்களைக் கொண்டே அமைப்பேன்' என்று மனத்தில் உறுதி செய்து கொண்டார். சில இடங்களில் சங்கீத ஆசிரியராக இருந்துவிட்டு, 1946-இல் டாலஹாஸிக்கு வந்து சேர்ந்தார். 1887-இல் கறுப்பினத்தவருக்கென்று ஏற்பட்ட அந்தக் கலாசாலையில் 1998 வரையில், ஐம்பத்திரண்டு வருஷ காலம், வேறிடம் நாடாமல் உழைத்தார்.

அவர் செய்தது என்ன? அமெரிக்கக் கலாசாலைகளில் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் பாண்டு கோஷ்டிகள் மைதானத்தில் இறங்கி வாசிப்பது வழக்கம். பட்டாள அணிவகுப்பைப் போல நடப்பதே பெரும்பாலும் பழைய முறை. பாஸ்டர் அந்தப் பட்டாள நடைக்கு உயிர் கொடுத்தார். முழங்காலை இடுப்பளவு உயர்த்தி நடக்கச் செய்தார். ஊர்வது போன்ற மந்த கதியிலிருந்து ஓட்டமும் நடையுமான துரித கதிக்கு ஒரு நொடியில் மாறப் பழக்கினார். தம் மக்கள் வளர்த்த ஜாஸ் சங்கீதத்தையும் நாட்டியத்தையும் மைதானத்துக்குக் கொண்டு வந்தார். கோஷ்டியினரின் தொகை நூறை எட்டியபோது 'நடக்கும் நூற்றுவர்' என்று பெயர் வந்தது. பிற்காலத்தில் தொகை முந்நூறு, நானூறு என்று பெருகிய பின்னும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த வித்தையின் கஷ்டத்தைச் சிறிது கவனிக்க வேண்டும். அந்த மைதானத்தின் ஆடுகளம் நூறு கஜ நீளம். ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கு நடுவே எட்டு அடி வைக்க வேண்டுமென்பது பொது விதி. அதாவது ஓர் அடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். கனமான வாத்தியத்தைச் சுமந்துகொண்டு, மனப்பாடமாக வாசித்துக் கொண்டு, அங்குலக் கணக்குத் தப்பாமல் நடக்க வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒலி ஒரு விநாடியில் சுமார் 1,100 அடி தூரமே செல்லும். ஆகவே மைதானத்தின் ஒரு கோடியில் எழும் நாதம் மறு கோடியை அடையக் கால் விநாடிக்கு மேலாகிறது. தூரத்து நாதத்தைக் காதால் கேட்டு வாசிப்பவன் தாளத்தில் பின்தங்கியே போவான். தலைவன் கையிலுள்ள கோலைக் கண்ணால் கண்டு வாசிப்பவனே தாளத்தோடு சேர்வான்.

'கோலாடக் குரங்காடும்' என்பது நம் பழமொழி. அது அச்சத்தால் ஆடும் ஆட்டம். வாத்திய கோஷ்டித் தலைவனின் கோலோ யாரையும் அடிப்பதில்லை. அதிலிருந்து ஒரு ஸ்வரமும் பிறப்பதில்லை. நூற்றுக்கணக்கானவர் அதை நம்பிக் கண் வைத்திருப்பதிலேதான் அதன் வலிமை இருக்கிறது. பாஸ்டர் கண்டிப்பானவர், 'சட்டம்' என்றே அவருக்கு மறுபெயர் உண்டு. ஆயினும் வாசிப்பில் தேர்ச்சி மட்டும் போதாது, நல்லொழுக்கமும் படிப்பும் சேவை மனப்பான்மையும் வேண்டும் என்பது அவர் கோஷ்டியின் கொள்கை.

கீர்த்தி தேடி வந்தது. 1969-இல் 'சூப்பர் பௌல்' என்னும் பெரிய கால்பந்துப் பந்தயத்தின் இடைவேளையில் அவருடைய மாணவர்கள் வாசித்தார்கள். 1985-இல் கலாசாலை பாண்டுகளுக்கு உரிய 'ஸட்லர்' பரிசு கிடைத்தது. கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று கேட்ட அதே மனிதர், அமெரிக்க பாண்டு தலைவர்களின் சங்கத்துக்கே அக்கிராசனராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன் அந்த ஸ்தானத்தில் எந்தக் கறுப்பினத்தவரும் அமர்ந்ததில்லை. 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி, தொண்ணூற்றொன்றாவது வயதில் காலமானார்.

கதையை இத்துடன் முடித்துவிட்டால் மனத்துக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை முழுமையாகாது. மறு வருஷம் நவம்பர் மாதத்தில், அதே கோஷ்டியைச் சேர்ந்த ஒரு மாணவர், சக மாணவர்கள் சடங்கென்ற பெயரால் பஸ்ஸில் அடித்த அடியினால் உயிர் துறக்க நேர்ந்தது. இந்தக் கொடுமை ஒரே நாளில் முளைத்ததல்ல; ரகசியமாக வெகு காலம் வேரூன்றி இருந்தது. குற்றம் செய்தவர்கள் பலர் தண்டனை அடைந்தார்கள். கோஷ்டி விலக்கி வைக்கப்பட்டது. புதிய விதிகளுடன், முன்னிலும் சிறிய கோஷ்டியாக, 2013-இல்தான் மறுபடியும் மைதானத்தில் இறங்கிற்று.

தலைவன் எவ்வளவு பெரியவனாயினும், அவன் கண் எட்டாத இடத்தில் ஒழுங்கு தன் பெயரைக் கெடுத்துக் கொள்ளக் கூடும். பிள்ளைகளைப் பழக்குகிற நாம் அனைவரும் இதை மறக்கலாகாது. அடிக்காத கோலைக் கொண்டு பாஸ்டர் ஓர் அவமானத்தைச் சங்கீதமாக மாற்றினார். கோஷ்டி எவ்வளவு அழகாக நடந்தாலும், அதிலுள்ள கடைசிப் பிள்ளைக்கும் அடி விழாமல் காப்பதே அந்தக் கோலுக்குச் செய்யும் மரியாதை.