அப்பா மாட்டிய உறை... ஆரன் ராய் கழற்றாத கதை!

பொதட்டூர்பேட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். திருத்தணி மலையிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகும் வழியில் இருக்கும் நெசவாளர் ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசிக்கொள்ளும். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே ஒரு விஷயம் தெரிந்துவிடும். நாடாவைத் தூக்கி விளையாடக் கூடாது. பாவு மேல் கை வைக்கக் கூடாது. வேலை முடிந்தால் துடைத்து, மூடி வைக்க வேண்டும். சோறு போடுகிற பொருள் அது.

இந்த ஊரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. 'பணக்காரங்க விளையாட்டு' என்று டி.வி-யில் சேனல் மாற்றிவிடுபவர்கள்தான் இங்கே அதிகம். ஆனால், இங்கிலாந்தின் ஆரன் ராய் பற்றிச் சொன்னால், தறி வீட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஏனென்றால், உலகத்தின் முன்னணி கோல்ஃப் வீரர்களில் ஒருவரான இவர், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை என்று, தன் மட்டைகளுக்கு உறை போட்டு மூடி வைப்பவர்!

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு வீரர் அதிகபட்சம் 14 மட்டைகளைப் பையில் வைத்துக்கொள்ளலாம். வெகு தூரம் அடிக்க, பெரிய தலை வைத்த டிரைவர். குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிட பட்டர். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரங்களுக்கு, மெல்லிய உலோகத் தலை கொண்ட 'அயர்ன்'கள். டிரைவருக்கும் பட்டருக்கும் எல்லோரும் உறை மாட்டுவார்கள். அயர்னுக்கு மாட்ட மாட்டார்கள். கரடுமுரடாகப் புழங்கும் பொருளுக்கு எதற்கு உறை என்பதுதான் தொழில்முறை வீரர்களின் எண்ணம். அயர்னுக்கு உறை போட்டுக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால், 'புதுசா கத்துக்க வந்திருக்கார் போல' என்று நமட்டுச் சிரிப்பு சிரிப்பது அந்த உலகத்தின் வழக்கம்.

ஆரன் ராய் கைகளைப் பார்த்தால் இன்னும் ஆச்சர்யம். மற்றவர்கள் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டுவார்கள். வலக்கைக்காரர் என்றால் இடக்கையில். இவரோ இரண்டு கைகளிலும், அதுவும் கறுப்பு நிறத்தில்!

இந்த இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள். அவருடைய அப்பா அம்ரிக் சிங்.

உல்வர்ஹாம்ப்டன் வீடு

ஆரன் பிறந்தது 1995 மார்ச் 3-ல், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள உல்வர்ஹாம்ப்டனில். இரும்புப் பட்டறைகளுக்கும் பூட்டுகளுக்கும் பெயர்போன தொழில் நகரம். அந்தப் பட்டறைகளை நம்பி 1950, 60-களில் பஞ்சாபிலிருந்து ஏராளமானவர்கள் போய்க் குடியேறினார்கள். அவர்களை ஊர் இரு கை நீட்டி வரவேற்றது என்று சொல்ல முடியாது. 1967-ல், தாடியும் தலைப்பாகையுமாக வேலைக்கு வந்த சீக்கிய பஸ் டிரைவர் ஒருவரை நகரப் போக்குவரத்து நிர்வாகம் திருப்பி அனுப்ப, 'தலைப்பாகையோடுதான் ஓட்டுவோம்' என்ற போராட்டம் 1969 வரை நடந்து, அதன் பிறகே அனுமதி கிடைத்தது. குடியேற்றத்துக்கு எதிராக 1968-ல் பேசி நாட்டையே கொந்தளிக்க வைத்த எனோக் பவல், இந்த ஊரின் எம்.பி-தான். அப்படிப்பட்ட ஊரில், இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையை கோல்ஃபுக்கு அனுப்ப நினைத்ததே பெரிய விஷயம்.

அதிலும் இது வசதியான குடும்பம் இல்லை. கென்யாவில் வளர்ந்து இங்கிலாந்துக்கு வந்தவர் அம்மா தல்வீர். நாலைந்து வயதிலிருந்து ஆரன் பயிற்சிக்குப் போன ஒவ்வொரு நாளும் கூடவே போனவர் அப்பா. கிளப் சந்தா, போட்டிகளுக்கான நுழைவுக் கட்டணம், பந்துகள் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கையில் அவ்வளவு இருந்ததில்லை என்பதை ஆரனே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால், பிள்ளைக்கு வாங்குவது என்று வந்துவிட்டால் அம்ரிக் மட்டமான பொருளைத் தொட மாட்டார்.

ஆரனுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, டைட்டலிஸ்ட் நிறுவனத்தின் '690 எம்.பி' அயர்ன் செட் ஒன்றை அவர் வாங்கிக் கொடுத்தார். அன்றைய விலை 800-லிருந்து 1,000 பவுண்டு வரை. தொழில்முறை வீரர்கள் பயன்படுத்தும் தரம். நம்மூர் கணக்கில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கு ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்த மாதிரி. அக்கம்பக்கம் என்ன பேசியிருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அயர்ன் மட்டையின் முகத்தில் மெல்லிய பள்ளக் கோடுகள் வரிவரியாக இருக்கும். டயரில் இருக்கும் வெட்டுகளைப் போலத்தான். பந்தை அடிக்கும்போது நடுவில் மாட்டும் புல்லையும் ஈரத்தையும் அவை வாங்கிக்கொண்டால்தான் பந்து சரியாகச் சுழலும், இறங்கிய இடத்தில் நிற்கும். கோடுகளில் மண் அடைத்தால் எல்லாம் போச்சு. அதனால், ஒவ்வொரு நாள் பயிற்சி முடிந்ததும் அம்ரிக் உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக ஒரு குண்டூசியால் சுரண்டி, பேபி ஆயிலால் துடைத்து வைப்பார். மட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசிக் கீறல் விழக் கூடாது என்று உறையும் மாட்டினார்.

அந்த உறையைத்தான் ஆரன் இன்றுவரை கழற்றவில்லை. எத்தனையோ செட் மாறிவிட்டது. உறை மாறவில்லை. தன்னிடம் இருப்பதன் மதிப்பு தனக்கு மறந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் சொல்லும் காரணம்.

ஒரு கையுறை காணோம்!

கையுறை சமாச்சாரம் கொஞ்சம் வேடிக்கையானது. எட்டு வயது வாக்கில், கையுறை தயாரிப்பவர் ஒருவர் சிறுவனுக்கு ஒரு ஜோடியைக் கொடுத்திருக்கிறார். பையனும் இரண்டையும் மாட்டிக்கொண்டு சில வாரங்கள் ஆடிப் பழகிவிட்டான். ஒருநாள் அப்பா பையில் இரண்டையும் எடுத்துவைக்க மறந்துவிட, ஒற்றைக் கையுறையோடு ஆட வேண்டியதாயிற்று. மட்டை பிடியிலேயே நிற்கவில்லை, ஆட்டமே வரவில்லை. அன்று முடிவானது. அதன் பிறகு ஒற்றைக் கையுறை என்ற பேச்சே இல்லை.

15 வயதில் ஒரு கின்னஸ் சாதனையும் செய்தார். 10 அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்ட வேண்டும். ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 207 முறை உள்ளே தள்ளினார். ஒருமுறை போடுவது திறமை. 207 முறை போடுவதற்குத் திறமையைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

2012-ல், 17 வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கோல்ஃப் வீரர் என்றதும் தனி விமானமும் கோடிகளும்தான் ஞாபகம் வரும். அது உச்சியில் இருக்கும் சிலருக்குத்தான். கிரிக்கெட் வீரர்போல மாதச் சம்பளமோ ஒப்பந்தமோ கிடையாது. நான்கு நாள் போட்டியில், முதல் இரண்டு நாள் ஆட்டத்தை வைத்துப் பாதிக்கு மேற்பட்டவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியேறியவருக்கு, பெரும்பாலும் ஒரு பைசா பரிசு இல்லை. பயணம், தங்கும் செலவு, பை தூக்கும் கேடிக்குச் சம்பளம் எல்லாம் கைக்காசு. கீழ்மட்டத் தொடர்களில் பல வருடம் ஆடிக் கடனாளியாகத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஆரனும் அந்தக் கீழ்ப்படியில்தான் தொடங்கினார். ஐந்து வருடம் ஆனது.

2017 மார்ச். கென்யாவின் நைரோபி. ஐரோப்பாவின் இரண்டாம் நிலைத் தொடரான சேலஞ்ச் டூரில் அவருடைய முதல் வெற்றி, அம்மா வளர்ந்த மண்ணில் கிடைத்தது. பல்லாண்டுகளுக்குப் பிறகு அந்த நாட்டுக்குத் திரும்பியிருந்த அம்மாவும் அங்கே இருந்தார். அதே ஆண்டில் இன்னும் இரண்டு பட்டங்கள். மூன்று வென்றவருக்கு முதல்நிலைத் தொடரின் கதவு தானாகத் திறந்தது.

அடுத்த ஆண்டே ஹாங்காங் ஓப்பன் அவர் கையில். இரண்டாம் நாளில் 61 அடிகளில் சுற்றை முடித்து மைதான சாதனை படைத்தவர், கடைசியில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் சக நாட்டவர் மேத்யூ ஃபிட்ஸ்பேட்ரிக்கை முந்தினார்.

2020 அக்டோபர், ஸ்காட்டிஷ் ஓப்பன். கொரோனா காலம் என்பதால் கைதட்டக்கூட ஆள் இல்லாத மைதானம். இங்கிலாந்தின் செல்லப்பிள்ளையான டாமி ஃப்ளீட்வுட்டும் ஆரனும் சமநிலையில் முடிக்க, இருட்டுகிற நேரத்தில் கூடுதல் ஆட்டம். முதல் குழியிலேயே ஆரன் ஜெயித்தார். முந்தைய வாரம்தான் ஐரிஷ் ஓப்பனை நூலிழையில் தவறவிட்டு இரண்டாம் இடத்தோடு திரும்பியிருந்தார்.

89-வது முறை

அதன் பிறகு அமெரிக்கா. பி.ஜி.ஏ டூர் என்பது வேறு உலகம். 300 கஜத்துக்கு மேல் பந்தைப் பறக்கவிடும் பலசாலிகள் நிறைந்த இடம். ஆரன் அந்த ரகம் இல்லை. தூரம் குறைவு, குறி அதிகம். வாராவாரம் ஆடினார். 88 போட்டிகள், ஒரு பட்டம்கூட இல்லை.

89-வது போட்டி, 2024 ஆகஸ்டில் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோவில் நடந்த விண்டம் சாம்பியன்ஷிப். டெபி என்ற புயலால் முதல் நாள் ஆட்டமே நடக்கவில்லை. எல்லாம் தள்ளிப்போய், கடைசி இரண்டு சுற்றுகளையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடிக்க வேண்டிய நிலை. காலையிலிருந்து மாலை வரை நடையோ நடை.

அன்று மதியத்துக்கு மேல் மேக்ஸ் கிரேசர்மேன் என்ற அமெரிக்க வீரர்தான் ஜெயிக்கப்போகிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். 13-வது குழியில் தூரத்திலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள்ளேயே விழுந்தது. நான்கு அடிகள் முன்னிலை! அடுத்த குழியிலேயே விதி திரும்பியது. அவர் அடித்த பந்து வண்டிப் பாதையில் பட்டுத் தெறித்து எல்லைக்கு வெளியே போனது. நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழிக்கு எட்டு. 16-வது குழியில் பந்தை உள்ளே தள்ள நான்கு தடவை உருட்ட வேண்டியிருந்தது.

ஆரன் இந்தக் களேபரம் எதிலும் இல்லை. நேராக அடித்தார், நடந்தார், அடித்தார். கடைசிக் குழியில் பந்தைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு அடி மிச்சம் பிடித்து முடித்தார். அந்தச் சுற்றில் 64. இரண்டு அடிகள் வித்தியாசத்தில் பட்டம். பரிசு 14 லட்சம் டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 கோடி ரூபாய்.

மறுநாள் உலகமே கேட்டது, 'அது என்ன அயர்னுக்கு உறை?' என்றுதான். குண்டூசி, பேபி ஆயில் கதை அதன் பிறகே பலருக்கும் தெரிய வந்தது.

இந்தக் கதையில் அதிசயம் இல்லை என்றும் சொல்லலாம். கோல்ஃப் மைதானத்தின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூருவில் பை தூக்கும் கேடியாக இருந்த முனியப்பா, 2009-ல் இந்தியன் ஓப்பனையே வென்றார். எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவர். 1829-ல் தொடங்கிய கிளப் அது. அந்தப் புல்லில் ஆடிப் பழகிய மகன், 2016, 2017 என அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனைத் தூக்கினார். டோக்கியோ ஒலிம்பிக்ஸில், விடிகாலையில் கோல்ஃப் விதிகளைத் தேடித் தேடிப் படிக்கவைத்த அதிதி அசோக் நினைவிருக்கிறதா? நான்காம் இடம் பிடித்த அந்தப் போட்டியில் அவருடைய பையைச் சுமந்தவர் அவருடைய அம்மா. பொதட்டூர்பேட்டையின் தெலுங்கு பேசும் வீடுகளுக்கு இன்னொரு பெயரும் பிடிக்கும். பி.ஜி.ஏ டூரில் 2023-ல் பட்டம் வென்ற சாஹித் தீகலா, ஹைதராபாத்திலிருந்து அமெரிக்கா போன குடும்பத்துப் பிள்ளை.

ஆரனுக்கும் இந்தியாவோடு புது உறவு ஒன்று ஏற்பட்டது. அவருடைய வாழ்க்கைத் துணை கௌரிகா பிஷ்னோய், இந்தியப் பெண்கள் தொழில்முறை கோல்ஃபின் முன்னணி வீராங்கனை. வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை!

2025 நவம்பர், அபுதாபி. ஐந்து வருடம் கழித்து மறுபடியும் கூடுதல் ஆட்டம். எதிரே அதே டாமி ஃப்ளீட்வுட். இந்த முறையும் முதல் குழியிலேயே முடித்தார் ஆரன்.

இப்போது அவர் நினைத்தால் எத்தனை செட் வேண்டுமானாலும் வாங்கலாம். கீறல் விழுந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒவ்வொரு அடிக்கு முன்பும் உறையைக் கழற்றுவதும், அடித்த பிறகு துடைத்து மறுபடி மாட்டுவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.