செம்பனைக் குலைக்கு விலை வைப்பது யார்?

எஸ்.பி.எம். பொருளியலில் நாம் எல்லோரும் வரைந்த படம்தான். தேவைக் கோடு இறங்கும், அளிப்புக் கோடு ஏறும், இரண்டும் வெட்டும் இடத்தில் விலை. அந்தப் புள்ளியில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாடம் சொல்வதில்லை. தெலுக் இந்தான் பக்கம் நான்கு ஏக்கரில் செம்பனை வைத்திருக்கும் என் மாமாவின் ரசீதுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

குலையை வாங்குவது அதற்குள் இருக்கும் எண்ணெய்க்காக. ஆகவே விலைக் கணக்கு பின்னாலிருந்து முன்னால் வருகிறது. கச்சா செம்பனை எண்ணெய் ஒரு டன் 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் குலையிலிருந்து 20 விழுக்காடு, அதாவது 200 கிலோ எண்ணெய் கிடைத்தால் அதன் மதிப்பு 800 ரிங்கிட். அதோடு பருப்பின் மதிப்பைக் கூட்டி, ஆலைச் செலவையும் லோரி வாடகையையும் கழித்தால் மிஞ்சுவதே குலையின் விலை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் அறிவிக்கும் குறிப்பு விலையும் இதே முறையில்தான் அமைந்திருக்கிறது: எண்ணெய் பிழிவு விகிதத்தின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் இத்தனை ரிங்கிட்.

அந்த விகிதத்தில்தான் சங்கதி இருக்கிறது. ஒரு விழுக்காட்டுக்கு 42 ரிங்கிட் என்றால், 19 விழுக்காட்டுக்கு 798 ரிங்கிட், 21 விழுக்காட்டுக்கு 882. டன்னுக்கு 84 ரிங்கிட் வித்தியாசம். மாதம் இரண்டு டன் வெட்டுபவருக்கு 168 ரிங்கிட். கீழே உதிரிப் பழம் விழும்வரை காத்திருந்து, நன்றாகப் பழுத்த குலையை மட்டும் வெட்டுபவர் மாமா. ஆனால் அவருடைய குலைகள் முகவரின் லோரியில் இன்னும் பத்துப் பேருடைய குலைகளோடு சேர்ந்துதான் ஆலைக்குப் போகின்றன. காயும் பழமும் கலந்த அந்த லோரிக்கு ஒரே தரம், ஒரே சராசரி. பொறுமையாகக் காத்திருந்தவருக்கும் அவசரப்பட்டு வெட்டியவருக்கும் ஒரே விலை. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

விலை பிடிக்கவில்லை என்றால் விற்காமல் இருக்கலாமே என்று தோன்றும். மிளகைக் காயவைத்து மூட்டையில் கட்டிக் காத்திருக்கலாம். செம்பனையில் அது நடக்காது. வெட்டிய குலையில் கொழுப்பு அமிலம் மணிக்கு மணி கூடும்; எண்ணெயின் தரம் இறங்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விடுவது நல்லது. வெட்டாமல் மரத்திலேயே விட்டாலும் பழம் உதிர்ந்து வீணாகும். வாங்குபவர் நாளைக்கும் வாங்கலாம். விற்பவருக்கு இன்றைக்குத்தான்.

சரி, அந்த 4,000 ரிங்கிட் எங்கிருந்து வருகிறது? 1980 முதல் கோலாலம்பூரில் நடக்கும் முன்பேரச் சந்தையிலிருந்து. இப்போது அது புர்சா மலேசியாவின் கீழ் இயங்குகிறது. ஓர் ஒப்பந்தம் 25 டன். மாதத்தின் 10ஆம் தேதியை ஒட்டி வாரியம் கையிருப்புக் கணக்கை வெளியிடும்போது, எதிர்பார்த்ததைவிடக் கையிருப்பு கூடியிருந்தால் அன்றைக்கே விலை சரியக்கூடும். சிக்காகோவில் சோயா எண்ணெய் விலை மாறினாலும், இந்தியா இறக்குமதி வரியை மாற்றினாலும் இங்கே அசையும். பழத்தைத் தொட்டே பார்க்காத வணிகர்களை நம் ஊர்க்காரர்கள் திட்டுவதுண்டு. நான் திட்டமாட்டேன். வரும் மாதங்களின் விலையை இன்றே பூட்டிவைக்க ஓர் இடம் இல்லையென்றால் ஆலைகளுக்குத்தான் ஆபத்து. அந்த ஆபத்துக்கும் சேர்த்து அவை நம்மிடம் குறைத்துத்தான் வாங்கும்.

2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியது. சூரியகாந்தி எண்ணெய் கருங்கடலில் முடங்கியதும் உலகம் செம்பனை பக்கம் திரும்பியது. மார்ச்சில் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மே 23 அன்று நீக்கியது. அங்கே தேங்கியிருந்த எண்ணெய் வெளியே வர, ஜூலையில் விலை 4,000க்கும் கீழே போய்விட்டது. அந்த ஐந்து மாதங்களில் மாமாவின் தோட்டத்தில் எதுவுமே மாறவில்லை. அதே மரங்கள், அதே மழை. உரத்தை மட்டும் விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கிப் போட்டுவிட்டார்.

விலை ஏறினால் அளிப்புக் கோட்டின்படி உற்பத்தி கூடவேண்டும். செம்பனைக் கன்று காய்க்க ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். அதன் பிறகு 25 ஆண்டுபோல் மரம் நிற்கும். பாடநூலில் கோடு நகரும் வேகத்தில் தோட்டம் நகராது.

சிறுதோட்டக்காரர்கள் சேர்ந்து குலைகளை நேரடியாக ஆலைக்கு விற்க, வாரியத்தின் ஆதரவில் கூட்டுறவுக் கழகங்கள் உள்ளன. லோரி தங்களுடையது என்றால் அதில் என்ன ஏற்றுவது என்பதையும் தாங்களே முடிவு செய்யலாம். நல்ல பழத்தைத் தனியாக எடை போட்டுக் கேட்கலாம். மாமா இன்னும் சேரவில்லை. அவசரத்துக்கு முன்பணம் தருபவர் முகவர்தான் என்கிறார். சென்ற மாதம் அவருடைய கைப்பேசியில் வாரியத்தின் அன்றாடக் குறிப்பு விலைப் பக்கத்தைப் பதிந்து கொடுத்தேன். இப்போது ரசீது வந்ததும் விலையைப் பார்ப்பதற்கு முன்பு, எத்தனை விழுக்காடு போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்.