'உஸ்ஸ்ஸ்' காபி ரகசியம்!

வில்லாபுரம் பக்கம் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனா, 'உஸ்ஸ்ஸ்'னு சத்தத்தோட நுரை பொங்க ஒரு காபி தருவாங்களே... அதான் நம்மூர் 'எக்ஸ்பிரஸோ'! மேட்டர் என்னன்னா, பாய்லரில் இருந்து சீறி வரும் நீராவி, பாலைச் சூடாக்கி நுரைக்க வைக்கும். அவ்ளோதான். தூள், இன்ஸ்டன்ட்!

இத்தாலி எக்ஸ்பிரஸோவில் பாலே கிடையாது. அமுக்கி வைத்த காபித் தூளுக்குள் வெந்நீரை 9 பார் அழுத்தத்தில் தள்ளுவார்கள். பைக் டயர் காற்றைவிட சுமார் நாலு மடங்கு! அரை நிமிஷத்தில் குட்டி கப்பில் திக்கான டிகாக்‌ஷன் ரெடி. ஆனால், 1901-ல் மிலனின் லூய்ஜி பெஸெரா காப்புரிமை கேட்ட மெஷின், நம்ம மண்டபத்து மெஷின் மாதிரி நீராவியை நம்பியதுதான்.

பார்ட் டைமா கேட்டரிங் போற பசங்களே... ஆவி அளவு மீறினா தானா திறந்து வெளியேத்துறது சேஃப்டி வால்வ். 'ஒழுகுதே'னு அதை அடைச்சுடாதீங்க. அடைச்சா, பாய்லர் குண்டாயிடும்!