‘வீட்டில்தானே இருக்கிறாய்!’

தமிழில் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலையைச் சொல்ல ‘வேலைக்குப் போவது’ என்பதே வழக்கு. வேலை என்பது வாசலைத் தாண்டிப் புறப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்ப வேண்டிய ஒன்று என்னும் எண்ணம் அந்தப் ‘போவது’ என்ற வினையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வீட்டு வேலை’ என்றாலோ, சம்பளமில்லாத சமையலும் துவைத்தலும் பெருக்குதலும் பிள்ளை வளர்ப்புமே பொருளாகும். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, மென்பொருள் நிறுவன ஊழியர்கள் மடிக்கணினியும் கையுமாக வீடுகளுக்குள் அடைந்தபோது, அவர்கள் செய்த காரியத்துக்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு சொல் இல்லாமற்போனதற்கு இதுவே காரணம். ‘வீட்டிலிருந்தபடி வேலை’ என்னும் நீண்ட தொடர் அச்சிலும், ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ என்னும் கடன்தொடர் பேச்சிலும் நிலைத்தன. வீட்டுக்குள் இருப்பவர் ஓய்வாகத்தான் இருப்பார் என்று கருதும் நெடுநாள் வழக்கம் இந்தச் சொற்குறைக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டிலிருந்து பார்க்கும் வேலையையும் அலுவலகத்தில் பார்க்கும் வேலையையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதை விளங்கிக்கொள்ளவும் அந்த வழக்கத்தை நினைவில் வைத்திருப்பது உதவும்.

வீட்டிலிருந்து அலுவலகப் பணி செய்யும் முறையைத் ‘தொலைப்பணி’ எனலாம். ஊழியர் வேலையைத் தேடிப் பயணம் செய்யாமல், தகவல்தொடர்பு வழியாக வேலை அவரிடம் வந்துசேர்வது என்பது அதன் பொருள். இதற்கான ஆங்கிலச் சொல்லை 1973இல் உருவாக்கியவர், விண்வெளித் துறைப் பொறியாளராக இருந்து பின்னர் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய ஜாக் நைல்ஸ். அதே ஆண்டின் இறுதியில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால் அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளின் முன் கார்கள் வரிசைகட்டி நின்றபோது, பயணத்தைக் குறைக்கும் எந்த யோசனைக்கும் மதிப்புக் கூடியிருந்தது. ஆனால் நைல்ஸ் முதன்மையாக ஆராய்ந்தது, பலரும் நினைப்பதுபோல, வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலையை அன்று; நகர மையத்தில் இருக்கும் ஒரு பெரிய தலைமையகத்தைப் பிரித்து, ஊழியர்கள் குடியிருக்கும் பகுதிகளுக்கு அருகிலேயே சிறு கிளை அலுவலகங்களாக அமைத்தால் என்ன என்பதே அவருடைய கேள்வி. பிற்காலத்தில் சொல் மட்டும் நிலைத்தது. அதன் தொடக்கத்தில் இருந்த கிளை அலுவலகம் மறந்துபோயிற்று. 1979இல் ஐபிஎம் நிறுவனம் தன் ஊழியர் ஐவரின் வீடுகளில் மையக் கணினியோடு இணைந்த முனையங்களைப் பொருத்திப் பார்த்ததிலிருந்து, தொலைப்பணி என்றாலே வீடு என்றாகிவிட்டது.

இரு தரப்பினரும் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டி வாதிட்டுவந்த இந்த விவகாரத்தில், நம்பத்தக்க அளவீடு ஒன்று ஷாங்காய் நகரிலிருந்து வந்தது. சீனாவின் பெரிய பயண ஏற்பாட்டு நிறுவனமான சிட்ரிப், தன் தொலைபேசிச் சேவைப் பிரிவுக்கான கட்டட வாடகையைக் குறைக்க வழி தேடியபோது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் 2010இன் இறுதியில் தொடங்கி ஒன்பது மாதங்களுக்கு ஒரு குலுக்கல் முறைச் சோதனையை நடத்தினர். யார் எந்த அணியில் சேர்வது என்பதை மேலாளரின் விருப்பத்துக்கோ ஊழியரின் விருப்பத்துக்கோ விடாமல் தற்செயலுக்கு விடுவதே குலுக்கல் முறை. அவ்வாறு செய்தால்தான் இரு அணிகளுக்கும் பின்னர் தோன்றும் வேறுபாட்டை வேலையிடத்தின் விளைவு என்று துணிந்து கூற முடியும். விமானச்சீட்டு, விடுதிப் பதிவு ஆகிய பிரிவுகளிலிருந்து முன்வந்தவர்களுள் தகுதி பெற்ற 249 பேரில், இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் அலுவலகத்திலேயே இருந்தனர். வீட்டிலிருந்தோரின் வேலைத்திறன் 13 விழுக்காடு கூடியது. இதில் பெரும்பங்கு, இடைவேளையும் உடல்நல விடுப்பும் குறைந்து வேலை நிமிடங்கள் கூடியதால் வந்தது. எஞ்சியது, இரைச்சல் இல்லாத சூழலில் நிமிடத்துக்குக் கூடுதலான அழைப்புகளைக் கையாள முடிந்ததால் வந்தது. வேலையை விட்டு விலகுவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. சோதனைக்குப் பிறகு, வீடா அலுவலகமா என்று ஊழியர்களே தேர்ந்துகொள்ள நிறுவனம் இடங்கொடுத்தபோது, தனிமை தாளாமல் பலர் அலுவலகத்துக்குத் திரும்பினர்; தமக்கு எது பொருந்தும் என்று அறிந்தவர்கள் மட்டும் வீட்டில் தங்கியதால் பயன் 22 விழுக்காடாக உயர்ந்தது.

இந்த முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் அதன் நிபந்தனைகளை மேற்கோள் காட்டியவர்கள் குறைவு. வீட்டில் தனக்கென ஓர் அறையும், நல்ல இணைய இணைப்பும், நிறுவனத்தில் குறைந்தது ஆறு மாத அனுபவமும் உள்ளவர்களே சோதனையில் சேர முடிந்தது; அவர்களும் வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும்.

சென்னையில் நடந்த சோதனை நேர்மாறான முடிவைத் தந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட் ஆட்கின், அன்டோனெட் ஷோர் முதலியோர் 2023இல் வெளியிட்ட அந்த ஆய்வில், தரவுகளைக் கணினியில் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சென்னையில் ஆட்கள் எடுக்கப்பட்டு, குலுக்கல் முறையிலேயே வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாகப் பிரிக்கப்பட்டனர். வீட்டில் இருந்தவர்களின் திறன் 18 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது, எஞ்சிய பங்கு அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை விரைவாகக் கற்றுக்கொண்டதால் நாள்போக்கில் சேர்ந்தது. இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. எங்கிருந்து வேலை பார்க்க விருப்பம் என்று முன்கூட்டியே கேட்டபோது வீட்டைத் தேர்ந்தவர்கள், மற்றவர்களைவிடத் தொடக்கத்தில் 12 விழுக்காடு வேகமும் துல்லியமும் கூடியவர்களாக இருந்தனர். ஆயினும் அவர்களை வீட்டில் உட்காரவைத்தால் திறன் 27 விழுக்காடு சரிந்தது, அலுவலகத்தை விரும்பியவர்களுக்கோ அந்தச் சரிவு 13 விழுக்காடுதான். ஷாங்காயில் விருப்பம் பயனைக் கூட்டியது. சென்னையில் வீட்டை விரும்பியவர்களே வீட்டினால் மிகுதியாக இழந்தனர்.

குழந்தைகளைக் கவனிக்க வேண்டியவர்கள், வீட்டில் பிற பராமரிப்புப் பொறுப்பு உள்ளவர்கள், ஏழைக் குடும்பத்தினர் ஆகியோரை ஆய்வாளர்கள் இந்த முரணுக்கான விளக்கத்தின் ஒரு பகுதியாகச் சுட்டுகின்றனர். வெளியே சென்று வேலை பார்க்க வழியில்லாததால்தான் அவர்கள் வீட்டைக் கேட்கிறார்கள். அவர்களை வெளியே விடாத அதே பொறுப்புகள்தாம் வீட்டில் வேலை பார்க்கவும் விடுவதில்லை. இதை விருப்பம் என்று பெயரிட்டு அழைப்பது சற்றுக் கொடுமையே.

சென்னையின் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றை எண்ணிப் பார்த்தால் இந்தச் சரிவு விளங்கும். மடிக்கணினி பெரும்பாலும் ஹாலில், தொலைக்காட்சிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் இருக்கும். குக்கர் மூன்றாம் விசில் அடிக்கும்போது கூட்டத்தில் இவர் பேச வேண்டிய முறை வரும், மைக்கை ‘மியூட்’ செய்துவிட்டு ஓட வேண்டும். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு கீழே இறங்க வேண்டியவர், கூரியர்காரருக்குக் கதவு திறக்க வேண்டியவர், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் எல்லாம் ஒருவரே. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் மின்விசிறியையும் விளக்கையும் தாங்கும், மோடத்தின் இணைப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். இத்தனைக்கும் மேல், ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்ற ஒரு தொடர், எந்த வேலையையும் அவர் தலையில் சுமத்தப் போதுமானதாக இருக்கிறது. அந்தத் தொடர் பெரும்பாலும் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டனர், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிட்டனர். அதுவும், அத்தகைய வேலையில் ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

சென்னைச் சோதனையில் கற்றல் பற்றி வந்த செய்தியைத் தனியே கவனிக்க வேண்டும், ஏனெனில் அறை வசதி உள்ளவர்களையும் அது தொடுகிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றில் பணிபுரிந்த மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த நட்டாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலைஸ் ஆகியோர், குழு முழுவதும் ஒரே கட்டடத்தில் இருந்தால், ஒருவர் எழுதிய நிரலுக்குச் சக ஊழியர்களிடமிருந்து கிடைக்கும் கருத்துரை 22 விழுக்காடு மிகுதியாக இருந்ததைக் கண்டனர். இதனால் மிகுதியாகப் பயனடைந்தவர்கள் இளையவர்களும் பெண்களும். விலை கொடுத்தவர்கள் மூத்தவர்கள், ஏனெனில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்தில் அவர்கள் எழுதக்கூடிய நிரல் குறைந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் நாற்காலியைத் திருப்பிக் கேட்டு அரை நிமிடத்தில் தெளியக்கூடிய ஐயத்துக்கு, வீட்டிலிருப்பவர் செய்தி அனுப்பிக் காத்திருக்க வேண்டும் அல்லது கூட்டம் ஒன்றுக்கு நேரம் குறிக்க வேண்டும். ஆசியாவின் பெரிய தகவல்தொழில்நுட்ப நிறுவனமொன்றில் ஊரடங்குக் காலத்தில் 10,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வேலைநேரப் பதிவுகளை ஆராய்ந்தபோதும் இதுவே தெரிந்தது: வேலை நேரம் கூடியது, விளைச்சல் கூடவில்லை, கூட்டங்கள் பெருகின, இடையூறின்றித் தொடர்ந்து வேலை பார்க்கும் நேரம் சுருங்கியது.

நிறுவனங்கள் இந்த நுணுக்கங்களுக்குக் காத்திருக்கவில்லை. யாஹூ 2013இலும் ஐபிஎம் 2017இலும் வீட்டில் இருந்தவர்களைத் திரும்ப அழைத்தன. 2025ஆம் ஆண்டளவில் ஊழியர்களில் கால் பங்கினர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டி.சி.எஸ்., 2023இல் அனைவரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. இரண்டு முனைகளுக்கும் இடையில், வாரத்தில் சில நாள் அங்கும் சில நாள் இங்குமாகப் பணிபுரியும் கலப்பு முறைக்கே இப்போது வலுவான சான்று இருக்கிறது. டிரிப்.காம் என்று பெயர் மாறிய அதே ஷாங்காய் நிறுவனத்தில், 2021–22இல் 1,612 பேரிடையே புதன், வெள்ளி ஆகிய இரு நாள்களை வீட்டுக்கு விட்டுப் பார்த்தபோது, வேலைத் தரத்திலோ பதவி உயர்விலோ வேறுபாடு தென்படவில்லை. விலகல் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

செலவு பற்றிய பேச்சு இந்த விவாதத்தில் குறைவாகவே எழுகிறது. அலுவலகம் மூடினால் வாடகையும் குளிர்சாதனச் செலவும் மறைந்துவிடுவதில்லை, ஊழியர் வீட்டுக்கு இடம்பெயர்கின்றன. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறாகிவிடும் என்பது, பகல் முழுவதும் ஏ.சி. ஓடவிட்டு வேலை பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும். போர்ச்சுகல் 2021இல், தொலைப்பணியால் கூடும் மின்சார, இணையச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சட்டம் இயற்றியது.

வேலையின் செலவு ஊழியர் வீட்டுக்கு இடம்பெயர்வது தென் தமிழகத்துக்குப் புதிதன்று. முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர் வட்டாரங்களில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நனைத்துப் பதப்படுத்திய பீடி இலையைக் கத்தரியால் வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டும் பெண்கள் தலைமுறைகளாக வீட்டிலிருந்தே வேலை பார்த்துவருகிறார்கள். இடம், வெளிச்சம், கத்தரி எல்லாம் அவர்களுடையவை, கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டபடி, உலகில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 26 கோடிப் பேர். பெருந்தொற்றுக்கு முந்தைய கணக்கு இது. இந்தியாவில் 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பொருளை வாங்கிச் சென்று வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. மடிக்கணினிக்காரர்கள் தங்களை இந்த வரிசையில் சேர்த்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் சில கேள்விகள் விரைவாக எழும்.

பீடி சுற்றும் அதே பகுதியில், தென்காசி வட்டாரத்தின் மத்தளம்பாறையில், மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011இல் ஓர் அலுவலகத்தைத் தொடங்கி, பின்னர் வேறு சிற்றூர்களுக்கும் அந்த முறையைக் கொண்டுசென்றது. நைல்ஸ் எண்ணிய கிளை அலுவலகத்துக்கு ஏறக்குறைய நெருங்கிய உருவம் அது: நாற்காலியும் மின்சாரமும் அமைதியும் முதலாளியின் பொறுப்பு, பயணம் குறைவு, கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் உண்டு. எல்லா நிறுவனங்களுக்கும் இது இயலாது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் ஆணையிலோ திரும்ப அழைக்கும் ஆணையிலோ கையெழுத்திடும் முன், ஊழியர் வீட்டில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை இருக்கிறதா, அந்த நேரத்தில் அது அவருக்கே உரியதா என்று கேட்டறிவதற்குப் பெரிய செலவு ஆகாது. ஷாங்காயில் 2010இல் சோதனைக்கு ஆள் எடுத்தபோதே அதைக் கேட்டிருந்தார்கள்.