‘இண்ணைக்கு வேண்டாம் மக்கா!’ - குமரிக் கரையில் கயாக் ஏறும் முன் ஒரு நிமிடம்

நாலு குடும்பம், ஒரு வேன், மூன்று நாள் லீவு. கன்னியாகுமரி என்றால் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கடையில் ஒரு சங்கு என்றுதான் இத்தனை நாளும் டூர் முடிந்தது. இப்போது பிள்ளைகள் போனை நீட்டி, “இங்கே கயாக் போகலாமாப்பா?” என்று கேட்கிறார்கள்.

போகலாம். ஆனால் எங்கே, எப்போது, யாரோடு என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகு போகலாம். ஏனென்றால், குமரிக் கடல் பார்க்கச் சிரிக்கும்; ஆனால் எப்போதும் ஒரே முகம் காட்டாது.

கட்டுமரத்தின் தூரத்துச் சொந்தம்

கயாக் என்பது பனிப்பிரதேசத்து இனுயிட் மக்கள் வேட்டைக்காகத் தோலால் செய்துகொண்ட ஒல்லிப் படகு. இன்று சுற்றுலாத் தலங்களில் நாம் ஏறுவது அதன் பிளாஸ்டிக் பேரன். மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் இந்த வகையில் அடிவரை சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ‘ஐயோ, ஓட்டைப் படகா!’ என்று பயப்பட வேண்டாம். மேலே ஏறும் தண்ணீர் அதன் வழியாகவே வடிந்துவிடும்.

இந்த வித்தை நம் கரைக்குப் புதிதல்ல. எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கட்டுமரத்திலும் இதே கதைதான். அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியாக இறங்கிவிடும். மரம் மிதந்துகொண்டே இருக்கும். ஆங்கிலம் ‘கேட்டமரான்’ என்று எடுத்துக்கொண்டது இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான். ஆக, குமரி மாவட்ட மீனவர் ஒருவருக்குக் கயாக்கைப் பார்த்தால் அதிசயமாக இருக்காது. நமக்குத்தான் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மணக்குடிக் காயல்: துடுப்புக்கு ஏற்ற தண்ணீர்

முதல்முறை துடுப்புப் பிடிப்பவர்களுக்கு அலையடிக்கும் கடல் சரிப்படாது. பக்கவாட்டில் ஓர் அலை அடித்தாலே கயாக் கவிழ்ந்துவிடும். அலையில்லாத காயலும் ஆற்று முகமும்தான் பழகுவதற்கு ஏற்றவை.

குமரி மாவட்டத்தில் அதற்கு முதலில் நினைவுக்கு வருவது மணக்குடி. சுருளோடு பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வரும் பழையாறு, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்து, சுசீந்திரத்தைத் தொட்டு, இங்கேதான் கடலில் சேர்கிறது. ஒரு பக்கம் கீழமணக்குடி, மறுபக்கம் மேலமணக்குடி. நடுவில் காயல். கரையோரம் அலையாத்திச் செடிகள், தென்னை மரங்கள், கொஞ்சம் தள்ளி உப்பளங்கள்.

இது சுசீந்திரம் - தேரூர் - மணக்குடி பறவைகள் காப்பகப் பகுதி. இதைச் சேர்ந்த சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. வெளிநாட்டிலிருந்து வலசை வரும் பறவைகளைப் பார்க்க டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். காப்பகப் பகுதி என்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்க வேண்டும். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் பறவையும் இருக்காது, போன பலனும் இருக்காது.

காயல் அமைதியானது என்பதற்காக அசட்டையாகவும் இருக்க முடியாது. பொழிமுகம் திறந்திருக்கும்போது, கடல் நீர் இறங்குகிற நேரத்தில், ஆற்றின் இழுப்பு நேராகக் கடலை நோக்கி இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த இரண்டு மணக்குடிகளையும் இணைத்த பாலத்தையே கடல் பெயர்த்துக்கொண்டு போனது. அந்த ஊர்க்காரர்கள் பொழிமுகத்தைத் தாண்டாதே என்றால், அது பட்டு அறிந்தவர்களின் பேச்சு.

லீவு மாதமும் கள்ளக்கடலும்

2024 மே 6-ம் தேதியை நாகர்கோவில்காரர்கள் மறக்க மாட்டார்கள். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பயிற்சி மருத்துவர்கள், கணபதிபுரம் லெமூர் கடற்கரைக்குப் போனார்கள். அவர்களில் ஐந்து பேரைக் கடல் எடுத்துக்கொண்டது. அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. இருந்தது கள்ளக்கடல்.

கள்ளன் போலச் சொல்லாமல் வருவதால் கரையோர மக்கள் வைத்த பெயர் அது. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள், நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திடீரென்று வீங்கிக் கரையேறும். மீனவர்களின் இந்தச் சொல்லையே அறிவியல் உலகமும் ஏற்றுக்கொண்டது. 2012-ல் யுனெஸ்கோ இதை அங்கீகரித்தது.

முக்கியமான விஷயம் இதுதான். கள்ளக்கடல் அதிகம் வருவது பருவமழைக்கு முந்தைய மாதங்களில், குறிப்பாக ஏப்ரல், மே. அதாவது, நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து நாம் டிக்கெட் போடுகிற அதே மாதங்கள்!

ஹைதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ என்ற மத்திய அரசு நிறுவனம் கடல் எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் ஹோட்டல் ரேட்டிங் பார்க்கிற போனில் இதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஜூன், ஜூலையில் கேள்வியே வேண்டாம். மாவட்டத்தின் மேற்குக் கரையில் அந்த இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடலும் கொந்தளிக்கும். விசைப்படகே கரையில் நிற்கும்போது நமக்கென்ன கயாக்?

சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் போன்ற கடற்கரைகள் மணலில் விளையாடவும், சூரிய அஸ்தமனம் பார்க்கவும் அருமையானவை. இறங்கிக் குளிப்பது வேறு கதை. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால் அதுதான் நல்ல இடம் என்று பிள்ளைகள் ஓடுவார்கள். பெரும்பாலும் அலை திரும்பிப் போகும் இழுப்பு அங்கேதான் இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தித் தளர வேண்டாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

யார் வழிகாட்டி?

ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்களே வழிகாட்டிகள். வருமானமும் ஊருக்குள் தங்குகிறது. குமரிக்கும் பொருந்துகிற வழி இது.

குழுவாகப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். வழிகாட்டி இந்தக் கரைக்காரரா? எல்லோருக்கும், குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலும், லைஃப் ஜாக்கெட் உண்டா? பின்னாலேயே மோட்டார் படகு ஒன்று வருமா? கடைசிக் கேள்விதான் முக்கியம்: கடல் சரியில்லை என்றால் பயணத்தை ரத்து செய்வீர்களா, பணம் திரும்ப வருமா?

“எந்நேரமும் போகலாம் சார், பயமே இல்லை” என்பவரைவிட, காற்றையும் நீவாட்டையும் பார்த்து, “இண்ணைக்கு வேண்டாம் மக்கா” என்று சொல்பவரே நல்ல வழிகாட்டி. கடற்காற்று எழுந்து தண்ணீர் சிலிர்ப்பதற்கு முன், காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் துடுப்பை வைத்துவிடுவதும் நல்லது.

கடல் மறுத்தால்...

அன்றைய பொழுது வீணாகாது. குளச்சலுக்குப் போகலாம். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம்; நினைவுத் தூண் நிற்கிறது. கரையில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நிற்க, தூரத்தில் கப்பலில் இருந்தவர்கள் அதைத் துப்பாக்கி என்று நினைத்தார்கள் என்றொரு செவிவழிக் கதையும் உண்டு. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தலைமை தாங்கினார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அவர் புதுப்பித்த வட்டக்கோட்டையின் மேலே நின்றால் கடல் காலடியில் தெரியும்.

மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இன்னொன்றையும் பார்க்கலாம். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகு வழியால் இணைக்க 1860-ல் தொடங்கிய ஏ.வி.எம். கால்வாய். அனந்த பத்மநாபர், விக்டோரியா, மார்த்தாண்ட வர்மா என மூன்று பெயரின் சுருக்கம் அது. கடைசிவரை முழுமையடையவில்லை, தோண்டிய பகுதியும் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. கடலுக்குப் பக்கத்திலேயே, அலையில்லாமல் ஓடும் இந்தத் தண்ணீரைத் தூர்வாரினால், பிள்ளைகள் பயமில்லாமல் துடுப்புப் போட இதைவிட நல்ல பாதை கிடைக்குமா?

சாயங்காலம் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும், ஒரு சீப்பு மட்டிப்பழமும் போதும். கயாக் ஏறாத ஏமாற்றம் பிள்ளைகளுக்கு இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும். கடல் எங்கேயும் போகாது. அடுத்த லீவுக்கு அவர்கள் பத்திரமாக வந்து ஏறிக்கொள்ளலாம்.