வோட்டும் நேர்ச்சையும்: சில சொற்களின் பூர்வீகம்

ஆங்கிலத்தில் 'வோட்' என்ற சொல்லும் 'டிவோஷன்' என்ற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றை வாக்களிப்பு நிலையத்திலும் மற்றதைப் பள்ளியிலும் கோயிலிலும் வைத்துப் பழகிவிட்டதால் இந்த உறவு எமது கண்ணுக்குப் படுவதில்லை. பதுளையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் நான் இவற்றைச் சேர்த்தே விளக்குவதுண்டு. ஊவாத் தோட்டப்புற மக்களுக்கு இது வெறும் இலக்கண விஷயமல்ல.

லத்தீனில் 'வொவேரே' என்றால் நேர்ந்துகொள்ளுதல். அதிலிருந்து பிறந்த 'வோத்தும்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: நேர்ச்சை, மனவிருப்பம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'வவ்' நேர்ச்சையை எடுத்துக்கொண்டது. 'வோட்' விருப்பத்தை எடுத்துக்கொண்டது. ஆனாலும் பழைய ஆங்கிலேயர் வேண்டுதலையும் 'வோட்' என்று சொன்னதுண்டு. நேர்ச்சைக்காக வைக்கும் காணிக்கை 'வோடிவ்'. 'டி' என்ற முன்னொட்டோடு வருவது 'டிவோட்': முழுதாக ஒப்புக்கொடுத்தல். போரில் வெற்றி வேண்டித் தன் உயிரையே தெய்வங்களுக்கு ஒப்படைத்துப் பகைவர் நடுவே பாய்ந்த ரோமத் தளபதியின் செயலுக்கு 'டிவோஷியோ' என்று பெயர். வோட் விருப்பத்தைத் தருவது. டிவோஷன் தன்னையே தருவது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இது பெரிய வித்தியாசம்.

தமிழும் இதே வழியில் நடந்திருப்பதைப் பாருங்கள். 'வேள்' என்ற பழைய வினைக்கு விரும்புதல் என்றும் வேள்வி செய்தல் என்றும் பொருள். தேர்தலில் நிற்கும் வேட்பாளரும் வேள்வியும் ஒரே வேர். 'வாக்கு' என்பதும் இரட்டைச் சொல்தான். நாம் கொடுப்பது வாக்கு, அவர் கொடுப்பது வாக்குறுதி. இரண்டுமே 'சொன்ன சொல்'தான். 'கேண்டிடேட்' என்பதன் அடியில் இருப்பது வெண்மை. பதவி கேட்ட ரோமர் சுண்ணம் பூசி வெளுத்த அங்கி அணிந்து வந்தார்கள். எங்கட வேட்பாளர்களின் வெள்ளை உடுப்பைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

'போல்' என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் தலை. தலையை எண்ணுவதே தேர்தல். தோட்டத்தில் தலைக்குப் பதில் பேர். "இன்னைக்குப் பேர் விழுந்திச்சா?" என்றால் நாள் சம்பளம் கிடைத்ததா என்று அர்த்தம். பெரட்டுக்களத்தில் கூப்பிடும் பேர் செக்ரோலில் ஏறும். ஆனால் அந்தப் பேர் வாக்காளர் இடாப்பில் இல்லாத காலம் ஒன்று இருந்தது.

1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் பதுளைத் தொகுதியில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா தெரிவானார். 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலானோரைப் பிரஜைகள் அல்லர் ஆக்கியது. 1949 இன் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைக்கே வாக்கு என்றது. 1952 தேர்தல் வந்தபோது பசறையிலும் ஹப்புத்தளையிலும் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்த்தார்கள். அதே 1949 இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், இந்தியச் சோனகர் எனக் குடிசன மதிப்பில் பதிந்த முஸ்லிம் வணிகக் குடும்பங்களும் விண்ணப்பித்து நிற்க வேண்டியதாயிற்று. ஆகவே இது மற்றவர் கதை மட்டுமல்ல. 'பிரான்சைஸ்', அதாவது வாக்குரிமை, என்ற சொல்லின் அடிப்பொருள் விடுதலை. அந்த விடுதலை 1964 ஒப்பந்தம், 1988 சட்டம் என்று தவணை தவணையாகத் திரும்பி வந்து, 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் ஏறக்குறைய நிறைவுபெற்றது.

வாக்கு இல்லாத காலத்திலும் நேர்ச்சை இருந்தது. ஊவாவிலேயே இருக்கும் கதிர்காமத்துக்குத் தோட்டத்து மக்கள் காவடியோடு போனார்கள். அங்கே ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பள்ளிவாசலுக்கு எம்மவர்களும் போனார்கள். அரசிடம் சொல்ல முடியாத விருப்பத்தை மனிதன் வேறெங்கே சொல்வான்? 'வோத்தும்' என்ற சொல்லின் ஒரு பாதி பறிபோனபோது மறு பாதி மிஞ்சியது.

இன்று நிலைமை தலைகீழ். வாக்கு இருக்கிறது, அதை நேர்ச்சையாக மாற்றப் பார்க்கிறார்கள். தகரமும் போத்தலும் கொடுத்து லயத்தில் சூடத்தின் மேல் சத்தியம் வாங்குவதையும், எமது ஊர்களில் குர்ஆனைத் தொட்டு வாக்குக் கேட்பதையும் நான் கண்டிருக்கிறேன். நத்ரு என்பது அல்லாஹ்வுக்கு மட்டும் உரிய இபாதத். அதை ஒரு வேட்பாளரின் இலக்கத்துக்கு நேர முடியாது. சத்தியம் செய்தபின் அதைவிட நல்லதைக் கண்டால் நல்லதைச் செய்துவிட்டுக் கப்பாரா கொடுங்கள் என்பதே ஹதீஸ் காட்டும் வழி. பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை. இயலாதவர் மூன்று நோன்பு பிடிக்கலாம்.

முப்தி முஹம்மது ஷபீ அவர்கள் வாக்கைச் சாட்சியம், பரிந்துரை, வகாலத் என மூன்றாக விளக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'சஃப்ரேஜ்' என்ற சொல்லும் வாக்குரிமையையும் பிறருக்காகச் செய்யும் மன்றாட்டையும் ஒருசேரக் குறிக்கும். சாட்சி சொல்பவன் கண்டதைச் சொல்ல வேண்டும்; கூலிக்குச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. பரிந்துரைத்தவனுக்கு அதன் நன்மையிலும் தீமையிலும் பங்குண்டு.

புள்ளடி போடும் அந்த ஒரு நிமிடம் நாம் பக்தர்களும் அல்லர், கடன்காரர்களும் அல்லர்; சாட்சிகள். வாக்கைக் கொடுக்கலாம், திருப்பியும் எடுக்கலாம். நம்மை முழுதாக ஒப்புக்கொடுக்கும் இடம் வேறு.