நாற்காலியைக் கொஞ்சம் தருகிறீர்களா?



"மாமா, நானும் ஒரு தடவை இதில உட்கார்ந்து பார்க்கட்டுமா?"

என் சக்கர நாற்காலியைப் பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பெரியவர்களும் கேட்பதுண்டு. நான் கட்டிலில் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்து, கேட்காமலே உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு.

நான் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த இடத்தில் உயரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக இந்த நாற்காலிதான் எனக்குக் கால். ஆகவே அந்தப் பிள்ளை கேட்பது விளையாட்டுச் சாமானை அல்ல. என் காலைக் கேட்கிறது. அதைக் கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

பால் வெட்டப் போகிறவர் தம் கத்தியை அடுத்தவருக்கு எளிதில் கொடுப்பதில்லை. அது அவர் கைக்குப் பழகியது, அவர் தீட்டி வைத்தது. இன்னொருவர் ஒரு நிரை வெட்டிவிட்டுத் திருப்பித் தந்தால், மறுநாள் விடியற்காலையில் மரத்தடியில் நிற்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். சக்கர நாற்காலியும் அப்படித்தான். அதன் அகலம் உட்காருகிறவரின் இடுப்புக்கு அளந்தது. பக்கத்துக்கு ஒரு விரல் நுழைய இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் அகன்றால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து முதுகு வளையும். குறுகினால் தொடை உரசிப் புண்ணாகும். கால் மிதி உயர்ந்திருந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதும் உட்காரும் எலும்பின்மேல் இறங்கும்.

மடக்கு நாற்காலி பிறந்த கதையிலும் ஒருவருடைய தேவை இருக்கிறது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளர் 1918இல் சுரங்க விபத்தில் கால்களை இழந்தவர்போல் ஆனார். அக்காலத்து நாற்காலிகள் மோட்டார் வண்டிக்குள் நுழையா. அவரும் அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து 1933இல் இரும்புக் குழாயில் ஒரு மடக்கு நாற்காலி செய்தார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் நீங்கள் பார்க்கும் நாற்காலிகளில் பெரும்பாலானவை அந்த வடிவத்தின் வழி வந்தவை.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்குத் தோட்டத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். வீடு நிறையச் சத்தம். நான் மத்தியானம் படுத்திருந்தபோது பிள்ளைகள் மூன்று பேர் நாற்காலியை வெளித் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மாறி மாறிச் சவாரி செய்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நானும் கண்ணயர்ந்தேன். என் நாற்காலியில் காற்று அடைத்த மெத்தை ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு. அழகாயிருக்கிறதே என்று ஒரு பிள்ளை அதைத் திருகிவிட்டது. காற்றில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மாலையில் நான் அதன்மேல் உட்கார்ந்து, விருந்தினரோடு இரவு வரை பேசிக்கொண்டிருந்தேன்.

கால் மரத்துப்போனால் நீங்கள் அசைந்து உட்காருவீர்கள். அசைந்தது உங்களுக்கே தெரியாது. எனக்கு அந்த எச்சரிக்கை வராது. எலும்புக்கும் பலகைக்கும் நடுவே சதை நசுங்கினால் இரத்த ஓட்டம் நின்று அந்த இடம் செத்துப்போகத் தொடங்கும். ஆகவேதான் கால் மணிக்கு ஒரு தடவையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆகவேதான் அந்த மெத்தை. அன்று இரண்டும் பொய்த்தன. மறுநாள் என் மனைவி சிவந்த இடத்தைப் பார்த்தாள். நான்கு நாளில் அது புண்ணாக உடைந்தது. ஏழு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். வேலைக்குப் போகவில்லை. ஏழு வாரம் சம்பளமில்லாத வீடு எப்படியிருக்கும் என்று தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைமேல் குற்றமில்லை. அந்தத் திருகு எதற்கு என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தடை போட்டார்கள். மெத்தை கெட்டுவிடும் என்று சொல்லியிருந்தால் சரி. "அதில உட்காராதே, ஆகாது" என்றார்கள். உட்கார்ந்தால் நமக்கும் அந்தக் கதி வந்துவிடுமாம். அடுத்த பொங்கலுக்கு வந்த அதே பிள்ளை என் அருகே வரவில்லை. கதவோரம் நின்று நாற்காலியைப் பார்த்தது. முன்பு என் மடியில் ஏறி உட்கார்ந்த பிள்ளை. தாய்மார்களே, நாற்காலியைத் தொடாதே என்று சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். ஆகாது என்ற சொல் நாற்காலியோடு நிற்பதில்லை, அதில் இருக்கிறவனையும் சேர்த்துத் தள்ளிவைக்கிறது.

அன்று முதல் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கேட்கிறவருக்கு, நான் விழித்திருந்து பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுப்பேன். காற்று மெத்தையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்வேன். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்ட பிறகே ஏற வேண்டும். கால் மிதியின்மேல் நின்று ஏறக்கூடாது. நாற்காலி முன்பக்கம் கவிழ்ந்துவிடும். பின்னால் கனமான பை தொங்கினால் ஏற்றத்தில் மல்லாந்துவிடும். மேட்டிலிருந்து இறங்கும்போது தள்ளுகிறவர் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும். திருப்பித் தந்ததும் மெத்தையின் காற்றையும் பிரேக்கையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டே உட்காருவேன். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்பேன். அதற்கு மன்னிப்புக் கேட்பதில்லை.

பிள்ளைகள் பாடு இத்தோடு முடிந்தது. பெரியவர்கள் கேட்பது வேறு. "உங்க கஷ்டம் எப்படின்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கறேனே" என்று உட்காருகிறார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இதை ஒரு நிகழ்ச்சியாகவே நடத்துவதுண்டு. பத்து நிமிடம் உருட்டிவிட்டு எழுந்து, கண் கலங்கி, "ஐயோ, பாவம்" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் தெரிந்துகொண்டது என்ன? பட்டணத்துக்காரர் ஒருவர் முதன்முதலாகப் பால்மரத்தில் கத்தி வைத்தால் பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம் போடுவார், கை நடுங்கும், பால் ஓடாது. அந்த ஒரு மரத்தை வைத்துக்கொண்டு, பால் வெட்டுகிறவர்களின் வாழ்க்கை இவ்வளவுதான் என்று அவர் பேசினால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா? அவர் கண்டது புதியவனின் தடுமாற்றத்தை. உங்கள் கைத்திறமையை அவர் காணவேயில்லை. 2017இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. இப்படி ஊனத்தை நடித்துப் பார்த்தவர்களுக்கு இரக்கம் கூடியது. கூடவே தங்களுக்கும் இப்படி நேர்ந்துவிடுமோ என்ற அச்சமும் கூடியது.

வேலூர் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்பவர் இருந்தார். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவர் இதை எப்படிக் கற்பனை செய்வார்?

நம் சார்பில் மற்றவர்கள் பேசிவிடுகிற தொல்லைக்கு எதிராக ஒரு பெரிய குரல் எழுந்தது இந்தச் சிங்கப்பூரில்தான். 1980இல் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்த மறுவாழ்வு நிபுணர்களின் மாநாட்டில், பிரதிநிதிகளில் பாதிப்பேராவது உடற்குறை உடையவர்களாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை தோற்றது. தோற்றவர்கள் தனியே கூடினார்கள். அடுத்த ஆண்டு, 1981இல், 50க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, தங்களுக்கென்று ஓர் உலக அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் சிங்கப்பூரரான ரான் சந்திரன் டட்லி. கண் பார்வை இழந்தவர்.

அப்படியானால் பெரியவர்கள் யாரையும் உட்காரவிடக்கூடாதா? ஒருவரை நானே வற்புறுத்தி உட்கார வைத்தேன்.

நான் தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போவேன். 1987இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது என்போன்றவர்கள் ஏறி இறங்க வழியில்லை. பின்னாளில் பழைய நிலையங்களிலும் மின்தூக்கி வைத்தார்கள். 2003இல் திறந்த லிட்டில் இந்தியா நிலையத்தில் தொடக்கம் முதலே மின்தூக்கி உண்டு. 2006 முதல், சக்கர நாற்காலி ஏறும் பஸ்களும் வரத் தொடங்கின. ஆக, வீட்டிலிருந்து சிராங்கூன் ரோடு வரை யார் கையையும் எதிர்பாராமல் வந்துவிடுகிறேன். தகராறு கடைசி இருபது அடியில். கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையை நம் ஆட்கள் அஞ்சடி என்பார்கள். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே உள்ள ஏற்பாடு அது. மழைக்கும் வெயிலுக்கும் அருமையானது. ஆனால் பழைய கட்டடங்களில் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். மீதி இடத்தில் மூட்டைகள்.

நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடைக்காரர் தங்கமானவர். நான் வந்தால் ஓடிவந்து, "தம்பி, நான் தூக்கி விடறேன்" என்று நாற்காலியோடு தூக்குவார். அவருக்கு அறுபது வயது. அவர் இடுப்பு பிடித்துக்கொள்ளுமோ, கை தவறுமோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் பயம். ஒரு நாள் மனைவியிடம் சொல்லி என் பழைய நாற்காலியை எடுத்து வரச் செய்தேன்.

"அண்ணே, இதில உட்காருங்க. பக்கத்துக் கடையிலிருந்து உங்க கடைக்கு வந்து ஒரு கிலோ பருப்பு வாங்குங்க."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆறடி உருட்டினார். அவருடைய வெங்காய மூட்டைக்கும் தூணுக்கும் நடுவே சக்கரம் சிக்கியது. பின்னால் வந்து, சுற்றி வந்தார். நான்கு அங்குலப் படி. முன்சக்கரம் முட்டிக்கொண்டு நின்றது. கடைப் பையனைக் கூப்பிட வாயெடுத்தவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எழுந்து நின்று படியைத்தான் பார்த்தார். நான் எதிர்பார்த்தது அதைத்தான். என்னைப் பார்த்து "பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எவ்வளவு நீளப் பலகை வேணும், தம்பி?"

கணக்கு எளிது. ஓர் அங்குலம் ஏற ஒரு அடி நீளம். நான்கு அங்குலப் படிக்கு நான்கு அடிப் பலகை. உங்கள் தோட்டத்துக் கோயில் வாசலுக்கும் லயத்துப் படிக்கும் இதே கணக்குத்தான். பலகை நழுவாதபடி மேல் நுனியைப் பிடிப்பாக வைக்க வேண்டும். மழைக்காலத்தில் வழுக்காமல் இருக்கப் பழைய ரப்பர் பாய் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் நான் போனபோது பலகை சுவரோரம் சாத்தியிருந்தது. மூட்டைகள் உள்ளே போயிருந்தன. தீபாவளிக் கூட்டத்தில் மட்டும் ஒன்றிரண்டு வெளியே எட்டிப் பார்க்கும். பக்கத்துக் கடையில் ஆறு அங்குலம். அந்தக் கடைக்காரரிடம் இன்னும் நாற்காலியைக் கொடுத்துப் பார்க்கவில்லை.